செடியில் பழுத்தது

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு ஒரு வீடு இருக்கிறது. நான்கு மரக்கால்கள், வளைந்த பிளாஸ்டிக் கூரை, பின்பக்கம் காற்றுக்குத் தடுப்பாக ஒரு பலகைச் சுவர். நாய்க்கு வீடு கட்டுவார்கள், கோழிக்குக் கட்டுவார்கள். மழை படாமலிருக்கத் தக்காளிச் செடிக்குக் கூரை போடுவதை ஜெர்மனிக்கு வந்துதான் பார்த்தேன். இங்கே கோடையிலும் மழை வரும். சொல்லாமல் வரும், குளிர்ந்த கையோடு வந்து இலையைத் தொடும். தொட்ட இடம் கறுக்கும், கறுத்த செடி ஒரு வாரத்தில் சாயும். ஆகவே கூரை. கோவைக்காரர்களுக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்னூர்ப் பக்கம் மழைக்காக அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், ஐயா, ஒரு தேசத்தில் மழையைத் தடுக்கத் தக்காளிக்குக் குடை பிடிக்கிறார்கள் என்று சொன்னால் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

போன ஜூனில் என் மாமனார் வந்தபோது அந்தக் கூரையைத்தான் முதலில் கண்டார். வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"அதென்னங் அம்மணி, தக்காளிக்கு ஊடா கட்டியுட்டிருக்கறாங்க?"

"ஆமாங் மாமா. மழை ஆகாதுங்களாமா."

"அது செரி. வாடகை கேக்காம இருந்தாச் செரி."

தை மாதம் அத்தை, என் மாமியார், இறந்த பிறகு அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. நான் உள்ளே ஓடிப்போய் என் கணவருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அந்தக் கோடை முழுவதும் வேலை நிமித்தம் வேறொரு ஊரில் இருந்தார். "அப்பா சிரிச்சாரா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை, ஆனால் சொன்னார் என்றேன். அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

ஏனென்றால் மாமா ஒரு முடிவோடு வந்திருந்தார். விமானம் ஏறுவதற்கு முன்பே மகனிடம் சொல்லிவிட்டார், இனிமேல் தக்காளி போடுவதில்லை என்று. அன்னூருக்கு வடக்கே நாலு ஏக்கர், கிணறு, மோட்டார் எல்லாம் அப்படியே கிடக்க, பயிர் மட்டும் இல்லை. "ஆரு பறிக்கறது, ஆரு தரம் பிரிக்கறது தம்பி" என்றாராம். பறிப்பதும் பிரிப்பதும் அத்தையின் வேலைகள். இங்கே வந்தும் இரண்டு கவளத்துக்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கவில்லை. மூன்று மாத விசா. செப்டம்பரில் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும்போது, எதற்குள் இவரைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. வெறும் வீடு, வெறும் காடு, நடுவில் ஒரு மனிதர்.

அந்தக் கூரைக்குச் சொந்தக்காரி ஃப்ராவ் கெல்லர்; ஃப்ராவ் என்றால் திருமதி. மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். மாமா வேலியோரம் நிற்பதைப் பார்த்து ஒருநாள் பேச வந்தார். இருவருக்கும் நடுவில் நான் வேலிக்கம்பி போல நின்று இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் தோட்டம் எவ்வளவு பெரியது என்று அவர் கேட்டார். நாலு ஏக்கர் என்றார் மாமா. அதை அவர்கள் கணக்கில் சொன்னதும் ஃப்ராவ் கெல்லர் கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அவ்வளவும் தக்காளியா? அப்படியென்றால் கோடை முழுவதும் பழுத்த தக்காளி சாப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்! எப்படிப்பட்ட வாழ்க்கை!"

நான் மொழிபெயர்த்தேன். மாமா ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தின்னுபோட்டு சந்தைக்கு எதக் கொண்டு போறதாமா?"

இதை அப்படியே சொல்ல முடியவில்லை. "ஆமாம், நிறையச் சாப்பிடுவோம் என்கிறார்" என்றேன். இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

ஆகஸ்டு தொடக்கத்தில் ஃப்ராவ் கெல்லர் வடக்கே கடற்கரைக்குப் புறப்பட்டார். இங்கே எல்லோரும் கோடையில் எங்காவது போவார்கள். போகும்போது சாவியையும் செடிகளையும் அண்டை வீட்டில் ஒப்படைப்பார்கள். தோட்டக் கதவின் சாவியை மாமாவின் கையில் வைத்தார். வேருக்கு மட்டும் தண்ணீர், இலை நனையக் கூடாது. பழுப்பதையெல்லாம் நீங்கள் சாப்பிடுங்கள். "எஸ்ஸென் ஸீ, எஸ்ஸென் ஸீ" என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு கடைசிச் செடியின் அருகே போய் நின்றார். அது 'ஓக்ஸன்ஹெர்ட்ஸ்' வகை, காளையின் இதயம் என்று அர்த்தம். கைக்கு அடங்காத, மடிப்பு மடிப்பான காய்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய மகன் பல வருடங்களுக்குப் பிறகு வருகிறான், அவர் கடற்கரையிலிருந்து திரும்பும் வாரத்து ஞாயிற்றுக்கிழமை. அவனுக்குப் பிடித்த தக்காளி இது. இதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒறம்பரை வருதுங்களா? அப்பப் பாத்தர வேண்டீதுதான்" என்றார் மாமா. விருந்தாளியை அவர்கள் பக்கம் ஒறம்பரை என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னதும் அவருடைய முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து நான் எழுந்து வரும்போது மாமா தோட்டத்தில் இருந்தார். பக்கக் கொழுந்துகளைக் கிள்ளினார். தன் பழைய வேட்டி ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்துச் சாய்ந்த கிளைகளைக் கட்டினார். காலையில் காபி குடிக்க வரும்போது அவர் விரல்கள் பச்சையாக இருக்கும், அந்த வாசனையோடு. தக்காளியின் வாசனை பழத்தில் இல்லை, காம்பிலும் இலையிலும்தான் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியும் லாரியும் அதை முதலில் கொன்றுவிடுகின்றன. கடைத் தக்காளியை மூக்கில் வைத்து முகர்ந்தால் ஈரமான காகிதம்போல் இருக்கும். இத்தனை வருடங்களாக அந்த ஈரக் காகிதத்தைக் கொதிக்க வைத்துத்தான் ரசம் என்று ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மாமா ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் வெடித்தவை, ஒரு பக்கம் அமுங்கியவை. அன்று கடைசல் செய்தேன். கடலை எண்ணெயில் கொத்தமல்லி விதையும் சீரகமும் பூண்டும், சின்ன வெங்காயத்துக்கு இங்கே கிடைக்கும் ஷலோட்டென், பச்சை மிளகாய், பிறகு தக்காளி. மூடி வைத்தால் தண்ணீர் ஊற்றாமலே அதன் சாற்றில் அது வெந்தது. எனக்குச் சீதனமாக வந்த மத்தால் சட்டியிலேயே கடைந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. வாசனை வெளியே போய் ஜெர்மன் வெயிலில் நின்றது. மாமா இட்லியை விட்டுவிட்டுக் கடைசலை மட்டும் ஒருமுறை வழித்து நாக்கில் வைத்தார்.

"என்னங் மாமா?"

"ராமாத்தா இன்னொரு மொளகா போடுவா." இன்னொரு முறை வழித்து, "ஆனாப் புளிப்பு நின்னுருக்குது. இன்னும் ரெண்டு இட்லி வெய்யி அம்மணி" என்றார்.

ராமாத்தாள் என் அத்தையின் பெயர். அத்தை போன பிறகு அவர் அதைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். இரண்டு கேட்டவருக்கு மூன்று வைத்தேன்.

அப்போது எனக்கு ஒரு விஷயம் உறைத்திருக்க வேண்டும். கிண்ணத்தில் வந்தவை எல்லாம் ஏன் வெடித்தவையாகவே இருக்கின்றன? நல்ல காய்கள் எங்கே போகின்றன? உறைக்கவில்லை. ஏனென்றால் அது எனக்குப் பழகிய காட்சி. கல்யாணமான புதிதில், கணபதியிலிருந்து வந்த பட்டறைக்காரர் மகளான நான் அன்னூர்த் தோட்டத்து வீட்டில் ரசம் வைக்கப் போனேன். வாசல் முழுக்கத் தக்காளிப் பெட்டிகள். குனிந்து அழகான ஒன்றை எடுத்தேன். அத்தை என் கையிலிருந்து அதை மெதுவாக, கோபமே இல்லாமல் வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்தார். "அது சந்தைக்குப் போறது கண்ணு" என்று சொல்லி, முறத்தில் கிடந்த வெடிப்புகளைக் காட்டினார். சொத்தை, வெடிப்பு, அணில் கடித்தது, இவைதான் வீட்டுக்கு. சந்தைக்குப் போகிறவையும் சிவப்பாக இருக்காது. காயும் இல்லாத, பழமும் இல்லாத செங்காய்ப் பருவத்தில் பறித்துவிடுவார்கள். தூரம் போக வேண்டியதைப் பழுக்க விடக் கூடாது, பழுத்தது பயணம் தாங்காது என்பார் மாமா. போகிற வழியில், பெட்டியின் இருட்டில், அது தானாகச் சிவந்துகொள்ளும். அந்த டெம்போக்கள் சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைத் தாண்டி, கணபதியில் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். அப்பா பட்டறையைத் திறக்கும் நேரத்தில், லேத்தின் முதல் கிறீச்சிடலோடு அவை கடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அத்தை வீட்டுக்கு எடுக்காமல் பெட்டியில் வைத்த பழங்களைத்தான் நாங்கள் தள்ளுவண்டியில் பொறுக்கியெடுத்து வாங்கியிருக்கிறோம்.

ஃப்ராவ் கெல்லர் வியாழக்கிழமை மாலை திரும்பினார். முகம் கடல் காற்றில் சிவந்திருந்தது. மகன் ஞாயிறு வருகிறான், விமானம் ஏறப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே தோட்டத்துக்குள் நடந்தார். மாமா அன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கதவருகே நின்றிருந்தார். ஒப்படைக்கிற மனிதரின் நிற்பு அது.

ஃப்ராவ் கெல்லர் கடைசிச் செடியின் முன் நின்றார். செடி சுத்தமாக இருந்தது. ஒரு காய் இல்லை.

"அல்லெஸ்?" என்றார். எல்லாமா?

மாமா அதற்காகவே காத்திருந்தவர் போல நிழலிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். அடியில் செய்தித்தாள், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே செய்தித்தாள், காம்பு கீழே இருக்கும்படி அடுக்கிய காளை இதயங்கள். எல்லாம் செங்காய். நுனியில் ஒரு சொட்டுச் சிவப்பு, காம்புப் பக்கம் பச்சை. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மற்ற செடிகளின் நல்ல காய்களும் கீழே இன்னொரு பெட்டியில் இருந்தன. எங்கள் பங்குக்கு வெடிப்பை எடுத்துக்கொண்டு, சாப்பிடச் சொன்னதையெல்லாம் சொந்தக்காரிக்குக் காப்பாற்றி வைத்திருந்தார்.

ஃப்ராவ் கெல்லர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "டாங்கெ" என்று நன்றி சொன்னார். பிறகு மிகச் சின்னதாக, "ஷாடெ." இந்த ஊரில் இத்தனை காலம் இருந்ததில் ஒன்று தெரியும். இவர்கள் பெரிய ஏமாற்றத்தைச் சிறிய சொல்லுக்குள் மடித்து வைப்பார்கள். ஷாடெ என்றால் 'அடடா' என்பதுதான். ஆனால் அவர் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, செடியைப் பார்த்துச் சொன்னார். மார்ச் மாதத்தில் ஜன்னலோரம் விதை போட்டது, மகன் கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது கேட்டது, செடியிலேயே முழுசாகப் பழுத்து, வெயில் சூட்டோடு பறித்து அவன் கையில் கொடுக்க நினைத்தது எல்லாவற்றையும் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "கடையில் காசு கொடுத்து வாங்க முடியாதது அது ஒன்றுதானே." கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் வந்ததும் மாமா கேட்டார்.

"தப்பாப் போச்சா அம்மணி?"

"ஒண்ணுமில்லீங் மாமா."

"ஒண்ணுமில்லாமயா அந்தம்மா மொகம் அப்படிச் சுண்டிப்போச்சு? மறைக்காமச் சொல்லு."

மறைத்திருக்கலாம். இருவருக்கும் நடுவில் இருப்பவளுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் அவர் வெள்ளைச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு வாரமாகச் சாப்பிட்ட மனிதரை, பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கிய மனிதரை, நான் ஒரு பொய்யால் பொத்தி வைக்க விரும்பவில்லை. சொன்னேன்.

"செடிலயே பழுக்க உடறதா" என்றார் மாமா. "பண்ணயத்துல அப்படி உட்டா ஊரே சிரிக்கும். தோட்டத்தப் பாக்காம ஆளு சீட்டாடப் போயிட்டான்னு பேசுவாங்க. நான் அந்தம்மாளுக்கு மருவாதியாச் செஞ்சுபோட்டேன்னு நெனச்சேன்." பிறகு, "அதென்ன, ருசி வேறயா இருக்குமா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "மாமா, நீங்க செடில பழுத்தது தின்னதே இல்லீங்களா?"

"எங்க அம்மணி? செவந்தா வண்டீல நசுங்கிப்போகும். ஒண்ணு ரெண்டு கண்ணுக்குத் தப்பிச் செவக்கும், அது வெடிச்சுப்போயிருக்கும், இல்லீன்னா காக்கா கொத்தியிருக்கும். அத ராமாத்தா கடைஞ்சுபோடுவா." எழுந்தார். "டார்ச்ச எடு. ஒண்ணு இருக்குது."

இன்னும் இருட்டவில்லை, இங்கே ஆகஸ்டில் மாலை நீளம். டார்ச் தேவைப்படவில்லை. மறுபடி வேலியைத் தாண்டினோம். ஃப்ராவ் கெல்லர் படியில் உட்கார்ந்திருந்தார். மாமா கடைசிச் செடியின் முன் குந்தி, தரையோரத்து இலைகளை இரண்டு கையாலும் விலக்கினார். அங்கே ஒரே ஒரு காய், பலகைச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி, பாதி சிவந்து தொங்கியது. பறித்து முடிக்கும்போது செடியை மொட்டையாக விடக் கூடாது, குருவிக்கு ஒன்று விடவேண்டும். அதுவும் அவர்கள் வழக்கம்தான். குருவிக்கு விட்டதை விரலால் தொட்டுக் காட்டி, "ஞாயித்துக்கெழமைக்கு ஆயிருமுங்" என்று ஃப்ராவ் கெல்லரிடம் தமிழிலேயே சொன்னார். அவர் ஜெர்மனில் ஏதோ பதில் சொன்னார். நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. வெள்ளியும் சனியும் மாமா அந்தச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குருவி ஓட்டினார்.

ஞாயிறு மதியம் மகன் வந்தான். உயரமான, தூக்கம் கலையாத கண்களோடு, நாற்பதைத் தாண்டியவன். தாயும் மகனுமாகத்தான் அதைப் பறித்தார்கள். மரத்தடி மேசையில் ஃப்ராவ் கெல்லர் அதை நாலாக நறுக்கினார். கத்தி உள்ளே போன சத்தம்கூட இல்லை. கல் உப்பு. மகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, கத்தி நுனியில் மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெட்டிக் காய்களும் அதற்குள் சிவந்திருந்தன. அவற்றில் நான் செய்த கடைசலும், குழைய வேகவைத்த அரிசிம்பருப்புச் சோறும் நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்தன. ஆனால் முதலில் யாரும் அதைத் தொடவில்லை.

அந்தப் பழத்துண்டு சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை. இனிப்பும் புளிப்பும் சண்டை போடாமல் ஒரே நேரத்தில் வந்தன. மகன் தட்டில் வழிந்த சாற்றை விரலால் வழித்தான். மாமாவின் மணிக்கட்டில் சாறு வழிந்தது, துடைக்கவில்லை.

"இது ராமாத்தாளுக்குத் தெரியாமயே போயிருச்சு அம்மணி" என்றார். "நாலு ஏக்கரு போட்டேன். அவளுக்கு ஒண்ணு உட்டு வெக்கோணும்னு எனக்குத் தோணுலயே."

ஃப்ராவ் கெல்லர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"நன்றாக இருக்கிறது என்கிறார்."

"நட்யூர்லிஷ்!" பின்னே இருக்காதா என்று அவர் மலர்ந்து சிரித்து, கடைசலை ரொட்டியில் தடவி மகனிடம் நீட்டினார். அவன் காரத்தில் கண் கலங்க, இன்னொரு துண்டு கேட்டான். மாமாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மிளகாய்தான் காரணம் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

செப்டம்பரில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மாமா கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, நாற்றுப் பண்ணைக்காரர் நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்று வேலை முடிந்து திரும்பியிருந்த என் கணவரைக் கேட்டார். ஃப்ராவ் கெல்லரிடம் காளை இதயத்தின் விதை வாங்கித் தரட்டுமா என்றேன். "வேண்டா அம்மணி. அது ஊடு கேக்கும். நம்மூரு நாத்துப் போதும்" என்றார். என் கணவர் வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

இப்போது நவம்பர் முடியப்போகிறது. இன்று காலை மாமா வீடியோவில் அழைத்தார். பின்னால் அன்னூர் வெயில், என் சமையலறைக்குள் கொட்டுகிற மாதிரி. இரண்டே ஏக்கர்தான் போட்டிருக்கிறார், முதல் பறிப்பு நடக்கிறது. பெண்கள் செங்காயாகப் பார்த்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரத்தில் ஒரு செடிக்குப் போனை நீட்டினார். அதில் மட்டும் பழங்கள் முழுச் சிவப்பாகத் தொங்கின.

"பறிக்கற பொம்பளைங்க சிரிக்கறாங்க அம்மணி. ஏனுங், இத மறந்துபோட்டீங்களான்னு கேக்கறாங்க. மறக்குலீங், அது ராமாத்தாளுதுன்னு சொல்லிப்போட்டேன்."

ஒன்றைப் பறித்து, மடியிலிருந்த காகிதப் பொட்டலத்து உப்பில் தொட்டுக் கடித்தார். "புளிப்புக் கொஞ்சம் எச்சு. ஆனா வெயிலு உள்ள போயிருக்குது. நீங்க வாரப்ப உங்களுக்கும் ஒரு செடி உடறேன்" என்றார். வாய் நிறைய இருந்ததால் மேலே பேசாமல் போனை வைத்துவிட்டார்.

இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டு. என் ஜன்னலோரம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. முதல் உறைபனிக்கு முந்தின நாள் ஃப்ராவ் கெல்லர் தன் செடிகளில் மிச்சமிருந்த பச்சைக் காய்களையெல்லாம் பறித்து, மாமா அடுக்கியதுபோலவே செய்தித்தாள் விரித்து, காம்பு கீழாக அடுக்கிக் கொண்டுவந்து தந்தார். பாதி உங்களுக்கு என்றார். நாள்தோறும் காகிதத்தை விலக்கிப் பார்க்கிறேன். விளக்கைப் போட்டு இன்றும் ஒன்றை எடுத்தேன். இரவு ரசத்துக்கு ஆகும். இருட்டிலேயே சிவந்திருக்கிறது, அடியிலிருந்து மேலாக, அழகாக. செடியைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தைச் சுற்றி மட்டும் இன்னும் பச்சை. அந்தப் பச்சையை நறுக்கி எறிவதா, சேர்த்தே போடுவதா என்று தெரியாமல், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.